கிரைண்டிங் கண்காணிப்பு: ஏஇ சென்சார் மட்டும் போதுமா, விசையும் அளக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 3

சிஎன்சி சிலிண்ட்ரிகல் கிரைண்டரில் ஷாஃப்ட் பேரிங் சீட் ஓட்டுகிறோம். இஎன் 353 எஃகு, கேஸ் ஹார்டன் (மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவது) செய்தது, கடினம் 60 எச்ஆர்சி. அலுமினியம் ஆக்சைடு வீல். வாடிக்கையாளரிடமிருந்து பர்ன் (கிரைண்டிங் சூட்டில் மேற்பரப்பு கெட்டுப்போவது) புகார் வந்துகொண்டே இருக்கிறது. ஏஇ (அக்கூஸ்டிக் எமிஷன், உலோகத்துக்குள் கிளம்பும் அதிர்வலை) சென்சார் ஒன்று மாட்டினால் பர்ன் விழும் கணத்திலேயே மிஷின் நின்றுவிடும், விசை, பவர் எதுவும் அளக்கத் தேவையில்லை என்கிறார் சப்ளையர். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. மறுப்பவர் உண்டா?

மார்ச் 3, இரவு

மறுக்கிறேன். வீல் ஜாப்பை (நாம் ஓட்டும் பொருளை) தொட்ட கணம், டிரெஸ்ஸிங் (வீல் முகத்தை டயமண்டால் சீவிப் புதுப்பிப்பது) முழுசாக விழுந்ததா, இடித்ததா, இந்த மூன்றுக்கும் ஏஇ-யை மிஞ்ச ஒன்றும் கிடையாது. பர்ன் வேறு சங்கதி. பர்ன் என்பது சூடு. சூடு வருவது ஜாப்புக்குள் போகும் ஆற்றலால். விநாடிக்கு எவ்வளவு ஆற்றல் என்றால், தொடுவிசையை (வீல் சுற்றும் திசையில் இழுக்கும் விசை) வீல் வேகத்தால் பெருக்கியது, அதாவது ஸ்பிண்டில் பவர். அந்தக் கணக்கு ஏஇ சிக்னலில் இல்லை. ஏஇ மட்டும் வாங்கி பர்னைப் பிடிக்கக் கிளம்பினால் பணமும் போகும், புகாரும் நிற்காது.

மார்ச் 4

காரணம் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

கிரைண்டிங்கில் வீலில் உள்ள ஒவ்வொரு மணலும் (வெட்டும் துகள்) மூன்று வேலை செய்கிறது. முதலில் உரசுகிறது, அடுத்து உலோகத்தை உழுது பக்கவாட்டில் தள்ளுகிறது, கடைசியில்தான் சிப்பாக வெட்டுகிறது. இந்த மூன்றிலும் உலோகத்துக்குள் மீள்அலை கிளம்பும். மணல் உடைந்தாலும், பைண்டர் முறிந்து மணல் பிடுங்கிக்கொண்டு போனாலும் அலைதான். இவை எல்லாம் சேர்ந்து வருவதுதான் ஏஇ. ஏறக்குறைய 50 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1 மெகாஹெர்ட்ஸ் வரை நமக்குப் பயன்படும். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். ஃபோர்மேன் "வீல் கத்துது, டிரெஸ் போடு" என்று சொல்வது சாட்டரையும் (அதிர்வு) கிளேசிங்கையும் (மணல் முனை தேய்ந்து பளபளப்பாவது) காதால் கேட்டுத்தான். ஏஇ கேட்பது அதற்கு மேலே இருக்கும் உலகம். ஏஇ சிக்னல் கோட்டைத் திரையில் பார்த்து வீல் எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியும் என்பதை, பெர்க்லியில் டேவிட் டார்ன்ஃபெல்டு குழு வீல் லோடிங்கை (வீலின் துளைகளில் உலோகத் துகள் அடைப்பது) ஏஇ வழியாக ஆராய்ந்து 1984-லேயே எழுதிவிட்டது. புதுசாக வந்த வித்தை அல்ல.

சிக்கல் எங்கே? வீல் மழுங்கும்போது உரசல் கூடுகிறது, அதனால் ஏஇ ஏறும். அதே வீல் கிளேஸ் ஆகிவிட்டால் மணல் உடைவது குறைகிறது, அதனால் ஏஇ இறங்கவும் செய்யும். ஒரே நோய்க்கு இரண்டு எதிர் அறிகுறிகள். ஆர்எம்எஸ் (சிக்னலின் சராசரி வலிமை) கோட்டில் ஒரு எல்லை வைத்து "இதற்கு மேல் போனால் பர்ன்" என்று எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்று, ஏஇ-க்கு அலகு கிடையாது. வோல்ட் வரும், ஆனால் அந்த வோல்ட் சென்சார் உட்கார்ந்த இடத்தையும், போல்ட் இறுக்கத்தையும், நடுவில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. பக்கத்து மிஷினில் அதே சென்சாரை மாட்டினால் வேறு எண். விசை நியூட்டனில் வரும், பவர் வாட்டில் வரும். ஓசூரில் அளந்தாலும் கோயம்புத்தூரில் அளந்தாலும் 40 நியூட்டன் 40 நியூட்டன்தான்.

மார்ச் 6

"கணக்கு போட்டுக் காட்டுங்கள்" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். உதாரணத்துக்கு எடுத்த எண்கள் இவை. உங்கள் ஜாப்புக்கு உங்கள் எண்களைப் போடுங்கள்.

ஜாப் விட்டம் 40 மில்லிமீட்டர், அகலம் 20 மில்லிமீட்டர். பிளஞ்ச் ஃபீட் (வீல் நேராக ஜாப்புக்குள் இறங்கும் வேகம்) நிமிடத்துக்கு 0.6 மில்லிமீட்டர், ஆரத்தில். அதாவது விநாடிக்கு 0.01. விநாடிக்கு வெளியேறும் உலோகம்: 3.14 பெருக்கல் 40 பெருக்கல் 20 பெருக்கல் 0.01, ஏறக்குறைய 25 கன மில்லிமீட்டர். வீல் வேகம் விநாடிக்கு 45 மீட்டர். தொடுவிசை 25 நியூட்டன் என்றால் பவர் 1125 வாட். வகுத்தால் ஒரு கன மில்லிமீட்டருக்கு 45 ஜூல். இதுதான் குறிப்பிட்ட ஆற்றல். எஃகு கிரைண்டிங்கில் 20 முதல் 60 ஜூல் வரை சகஜம்.

வீல் மழுங்கி அதே ஃபீடில் பவர் 1700 வாட்டுக்கு ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 68 ஜூல். வெளியேறும் சிப் அதே அளவுதான். கூடிய 23 ஜூல் எங்கே போகும்? சிப் உருவாக்கத்துக்கு எஃகில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 13.8 ஜூல் ஆகிறது, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு சிப்போடு வெளியேறுகிறது என்பது ஸ்டீபன் மால்கின் நிறுவியது. உரசலிலும் உழுதலிலும் பிறக்கும் சூடு ஏறக்குறைய முழுவதும் ஜாப்புக்குள்தான் இறங்குகிறது. மழுங்கிய வீல் கூட்டுவது உரசலைத்தான். ஆகவே அந்த 23 ஜூலும் நேராக உங்கள் பேரிங் சீட்டுக்குள். கேஸ் ஹார்டன் செய்த ஜாப்பை வழக்கமாக 150, 200 டிகிரியில்தான் டெம்பர் (கடினமாக்கியபின் மிதமாகச் சூடாக்குவது) செய்திருப்பார்கள். அதைத் தாண்டினாலே மேற்பரப்பு மெலியத் தொடங்கும். 720-க்கு மேல் போய்க் குளிர்ந்தால் மறு கடினமாக்கல், வெள்ளைத் தோல்.

இந்த 45-க்கும் 68-க்கும் உள்ள வித்தியாசத்தை பவர் மீட்டர் வாட்டில் சொல்லும். ஏஇ சொல்லுமா? சில சமயம் சொல்லும்.

மார்ச் 6, சற்று கழித்து

"பேனலில் ஆம்ப் மீட்டர் இருக்கிறதே, அது போதாதா?" போதாது. இண்டக்ஷன் மோட்டார் குறைந்த சுமையில் ஓடும்போது பெரும்பாலான கரண்ட் காந்தமாக்கலுக்கே போகிறது. சுமை ஏறினால் முதலில் மாறுவது பவர் ஃபாக்டர், ஆம்ப் பெரிதாக அசையாது. மூன்று ஃபேஸிலும் வோல்டேஜும் கரண்டும் சேர்த்துப் பெருக்கும் நிஜமான கிலோவாட் டிரான்ஸ்டூசர் வேண்டும். ஏஇ சிஸ்டத்தோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. இந்த இழையில் ஒரே ஒரு வரி படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மார்ச் 9

பவரின் குறையையும் சொல்லியாக வேண்டும். பவர் தருவது தொடுவிசையை மட்டும். வீல் ஜாப்பை நேராக அழுத்தும் விசை அதில் தெரியாது. வீல் மழுங்கும்போது முதலில் எகிறுவது அந்த அழுத்து விசைதான். கூரான வீலில் தொடுவிசை அழுத்து விசையில் 0.4 பங்கு இருக்கும், மழுங்கியதில் 0.3, 0.2 என்று இறங்கும். மேலே போட்ட கணக்கிலேயே பார்க்கலாம். கூராக இருக்கையில் தொடுவிசை 25, அழுத்து விசை 60 நியூட்டன். மழுங்கியபின் 38, அழுத்து விசை 120. தொடுவிசை ஒன்றரை மடங்கு, அழுத்து விசை இரண்டு மடங்கு.

இது வெறும் எண் விளையாட்டு அல்ல. மிஷின், சென்டர் (ஷாஃப்ட் முனையைத் தாங்கும் கூர்முனை), ஷாஃப்ட் சேர்ந்த விறைப்பு மைக்ரானுக்கு 10 நியூட்டன் என்றால், 60 நியூட்டனில் 6 மைக்ரான் வளையும், 120-இல் 12. விட்டத்தில் 12 மைக்ரானாக இருந்த பின்னடைவு 24 ஆகிவிட்டது. "காலையில் சைஸ் வந்தது, மதியம் டேப்பர் அடிக்குது" என்று ஆபரேட்டர் சொல்வதற்குப் பின்னால் பல சமயம் இருப்பது இந்த அழுத்து விசைதான். பர்ன் தெரிவதற்கு முன்னாலேயே சைஸ் பேசத் தொடங்கிவிடும்.

அழுத்து விசையை ஷாப்பில் அளப்பது சுலபமல்ல. லேபில் சர்ஃபேஸ் கிரைண்டர் மேஜையில் பீசோ டைனமோமீட்டரை (அழுத்தினால் மின் சார்ஜ் தரும் படிகத்தால் விசை அளக்கும் கருவி) வைத்து அதன்மேல் ஜாப்பைப் பிடித்தால் மூன்று திசை விசையும் வந்துவிடும். சிலிண்ட்ரிகலில் டெயில் ஸ்டாக் சென்டரில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டலாம். ஹைட்ரோஸ்டாடிக் ஸ்பிண்டில் இருந்தால் பாக்கெட் அழுத்த வித்தியாசத்தையே விசையாக வாசிக்கலாம். பீசோ வைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சார்ஜ் கசியும், ஆகவே ஒவ்வொரு சைக்கிளுக்கு முன்னும் ரீசெட். கூலன்ட் ஜெட்டே டைனமோமீட்டரைத் தள்ளும், ஆகவே பூஜ்யம் பார்ப்பது கூலன்ட் ஓடும்போது.

மார்ச் 12

இப்போது ஏஇ-யின் பக்கம். நான் ஏஇ-க்கு எதிரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லவே இல்லை. டிரெஸ்ஸிங்கில் ஏஇ இல்லாமல் வேலை செய்ய எனக்கு மனசு வராது.

400 மில்லிமீட்டர் வீல், விநாடிக்கு 45 மீட்டர். அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 36 சுற்று, ஒரு சுற்றுக்கு 28 மில்லிவிநாடி. ஏஇ ஆர்எம்எஸ்ஸை 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எடுத்தால் ஒரு சுற்றுக்கு 28 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் வீல் சுற்றளவில் 45 மில்லிமீட்டர் துண்டு. டயமண்ட் வீல் அகலத்தைக் கடக்கும்போது, இந்த 28 புள்ளி வரிசையை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். திரையில் வீலின் முகமே விரித்த பாய் போலக் கிடக்கும். டயமண்ட் தொட்ட இடம் வெளிச்சம், தொடாத இடம் இருட்டு. புது வீலை மாட்டி முதல் டிரெஸ் போடும்போது ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமாக இருக்கும். அது வீலின் ஓட்டம் சாய்ந்திருப்பது. பாஸ் போகப் போக இருட்டு சுருங்கும். முழுசும் வெளுத்ததும் நிறுத்திவிடலாம். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐந்து பாஸ் போடும் பழக்கத்தில் நல்ல வீல் பொடியாகிப் போவதை நிறைய ஷாப்பில் பார்க்கலாம். வீலின் ஆயுளில் பெரும்பங்கு ஜாப்பில் தேய்வதில்லை, டயமண்டில்தான் தேய்கிறது.

விசையால் இதைச் செய்ய முடியாது. டைனமோமீட்டரின் இயல் அதிர்வெண் சில கிலோஹெர்ட்ஸ்தான், ஜாப்பை மேலே மாட்டினால் இன்னும் இறங்கும். பவர் அதைவிட மந்தம், ஸ்பிண்டில் நிறையே சிக்னலை வழித்துவிடும். 20 மைக்ரான் டிரெஸ் ஆழத்தை மோட்டார் உணர்வதே இல்லை.

மார்ச் 13

சென்சாரை எங்கே மாட்டுவது என்று கேட்டவருக்கு.

அலை கடக்கும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு திருடன். ஜாப்பிலிருந்து சென்டருக்கு, சென்டரிலிருந்து குயிலுக்கு (சென்டரைப் பிடிக்கும் நீளும் தண்டு), குயிலிலிருந்து பாடிக்கு. கிரைண்டிங்குக்கு டெயில் ஸ்டாக் குயில் பக்கம், டிரெஸ்ஸிங்குக்கு டயமண்ட் ஹோல்டர் பக்கம். ஒரே சென்சாரை வைத்து இரண்டையும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, தட்டையாகத் தேய்த்து, நடுவில் மெல்லிசாக சிலிக்கான் கிரீஸ். கிரீஸ் இல்லாவிட்டால் காற்று இடைவெளி, சிக்னல் அங்கேயே செத்துவிடும்.

மாட்டியபின் சோதிக்க மிஷினை ஓட்ட வேண்டியதில்லை. எழுதுபொருள் கடையில் 0.5 மில்லிமீட்டர் 2எச் மெக்கானிக்கல் பென்சில் லெட் வாங்குங்கள். மூன்று மில்லிமீட்டர் நீட்டி, ஜாப் மேல் சாய்த்து அழுத்தி ஒடியுங்கள். லெட் ஒடியும்போது கிளம்பும் அலை ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஹ்சு-நீல்சன் சோதனை என்று பெயர், ஏஇ துறை முழுக்க இதைத்தான் வைத்துச் சென்சார் சரிபார்க்கிறது. ஒடித்த எண்ணை லாக் புத்தகத்தில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒடித்துப் பார்த்தால் போல்ட் தளர்ந்ததா, கிரீஸ் காய்ந்ததா, கேபிளில் கூலன்ட் இறங்கியதா என்று தெரிந்துவிடும். எங்கள் ஷிஃப்ட் பையன்கள் இதை ஆயுத பூஜைக்குத் துடைப்பதைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) கேபிளையும் ஏஇ கேபிளையும் ஒரே டிரேயில் ஓட்டாதீர்கள். டிரைவின் ஸ்விட்சிங் சில கிலோஹெர்ட்ஸ்தான், ஆனால் அதன் ஹார்மானிக்ஸ் ஏஇ பட்டைக்குள் ஏறி உட்காரும். வீல் தொடாமலே "தொட்டது" என்று வரும்.

மார்ச் 17

தொடுதல் பற்றி ஒரு நண்பர் எழுதியது: "விசை ஏறியதும் ஃபீடை மாற்றினால் போதும், காற்றில் ஓடும் நேரம் மிச்சம்." இதில் ஒரு பொறி இருக்கிறது.

வீலும் ஜாப்பும் நெருங்கும்போது நடுவில் ஆப்பு மாதிரி கூலன்ட் இழுபடும். வீல் இன்னும் தொடவில்லை, அதற்குள் அந்த நீர் அழுத்தமே ஜாப்பைத் தள்ளத் தொடங்கிவிடும். அழுத்து விசை ஏறும், கூலன்டை இழுத்துப் போக ஸ்பிண்டில் பவரும் ஏறும், ஒரு தூசி உலோகம்கூட வெட்டப்பட்டிருக்காது. விசையை நம்பித் தொடுதலைத் தீர்மானித்தால் ரஃபிங் ஃபீடுக்கு முன்கூட்டியே மாறிவிடுவோம், அல்லது பயந்து எல்லையை ஏற்றி வைத்து வீலைப் பலமாக மோதவிடுவோம். மணல் உலோகத்தைத் தொட்ட கணத்தில் ஏஇ நிமிரும், அதுவும் ஒரு மில்லிவிநாடிக்குள்.

கூலன்டும் ஏஇ எழுப்பும் என்பது உண்மை, ஆனால் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ணில். கூலன்ட் முழுசாக ஓடும்போது, வீல் அருகில் வந்து தொடாமல் நிற்கும் நிலையில் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுங்கள். தொட்டு வெட்டும்போது இன்னொன்று. இரண்டுக்கும் அதிக வித்தியாசம் உள்ள பட்டையை ஃபில்டரில் வையுங்கள். எல்லையைச் சரிபார்க்க ஜாப்பில் மார்க்கர் மை பூசி, ஏஇ "தொட்டது" என்றதும் வீலைப் பின்வாங்கச் செய்து பாருங்கள். மை கீறியிருக்க வேண்டும், உலோகம் பளபளக்கக் கூடாது.

பவர் அளப்பவர்கள் கழிக்க வேண்டிய ஐடில் பவர் (வெட்டாமல் சும்மா சுற்றும்போது ஆகும் பவர்), கூலன்ட் ஓடும்போது எடுத்தது. கூலன்ட் இல்லாமல் எடுத்த ஐடிலைக் கழித்தால் ஜூல் கணக்கு வீணாக ஏறிக் காட்டும்.

மார்ச் 18

ஸ்பார்க் அவுட் (ஃபீடை நிறுத்திவிட்டு வீலை ஜாப் மேலேயே ஓடவிடுவது) பற்றி ஒரு சின்னக் குறிப்பு. ஃபீட் நின்றபின் பவர் கோடு உடனே விழாது, வளைந்து விழும். வளைந்திருந்த ஷாஃப்ட் மெல்ல நிமிர்வதுதான் அது. பவர் 37 சதவீதத்துக்கு இறங்க எடுக்கும் நேரத்தைக் குறியுங்கள். வீல் கூராக இருந்தால் அது குறைவு, மழுங்க மழுங்க நீளும். தனி சென்சார் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு ஜாப்பிலும் வீலின் கூர்மை தெரிந்துவிடும். அந்த நேரத்தின் மூன்று மடங்கு காத்திருந்தால் வளைவில் ஏறக்குறைய 95 சதவீதம் தீர்ந்துவிடும். ஸ்பார்க் அவுட்டை டைமரில் கட்டிப்போடாமல் இந்த எண்ணோடு கட்டுங்கள்.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் தன் ஷாப்பில் எடுத்த கோடுகளை அனுப்பியிருந்தார். ஏஇ ஆர்எம்எஸ் எல்லா ஜாப்பிலும் ஒரே மாதிரி. பவரும் விட்டம் ஓடும்போது ஒரே மாதிரி. ஆனால் சைக்கிள் முடிவில், வீலின் ஓரம் ஷோல்டரை (ஷாஃப்டின் விட்டம் பெரிதாகும் படி) தொடும் இடத்தில், சில ஜாப்களில் பவர் ஒரு ஊசி போல எழுந்து இறங்குகிறது. பர்ன் வந்தது எங்கே என்று கேட்டேன். ஷோல்டரில்தான்.

எங்கள் ஷாப்பிலும் இதே வடிவம் பார்த்திருக்கிறேன். ஷோல்டரில் வீலின் பக்கவாட்டு முழுவதும் தட்டையாக அமர்கிறது. தொடும் பரப்பு பெரிது, கூலன்ட் உள்ளே போக வழியில்லை, மணல் வெட்டாமல் உரசுகிறது. நைட்டல் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்தது) எட்ச் போட்டதும் கண்முன்னே வந்தது: சீட் முழுவதும் சீரான சாம்பல் நிறம், ஷோல்டர் மூலையில் பிறை வடிவில் ஒரு கறுத்த பட்டை, அகலம் நகக்கணு அளவு. கறுப்பு என்றால் டெம்பர் பர்ன். கறுப்பு வளையத்துக்குள் வெள்ளைத் திட்டு இருந்தால் மறு கடினமாக்கல், அந்த ஜாப் ஸ்கிராப். தீர்வு சென்சாரில் இல்லை. ஷோல்டர் ஃபீடைப் பாதியாக்கி, கூலன்ட் நாசிலை மூலைக்குத் திருப்பி, வீல் ஓரத்தைத் தனியாக டிரெஸ் போடுங்கள். முடிந்தால் ஆங்குலர் வீல் ஹெட் (வீல் சாய்வாக நிற்பது) உள்ள மிஷினுக்கு மாற்றுங்கள்.

மார்ச் 25

முதல் நாள் "ஏஇ மட்டும் வாங்கினால் பணம் போகும்" என்று எழுதியதற்குத் துணையாக ஒன்று. ஏஇ, பவர் இரண்டையும் சேர்த்தால் தனித்தனியாக இருப்பதைவிட நன்றாக வேலை செய்யும். பிரேசிலில் பவுருவில் உள்ள யுனெஸ்ப் பல்கலைக்கழகக் குழு ஒரு அளவை முன்வைத்தது: ஒரு பாஸில் ஏஇ ஆர்எம்எஸ்ஸின் திட்ட விலக்கத்தை அந்தப் பாஸின் உச்ச பவரால் பெருக்குவது. டிபிஓ என்று பெயர். ஏஇ-யின் சராசரியை எடுக்காமல் அதன் தடுமாற்றத்தை எடுக்கிறார்கள், அதைப் பவரால் எடைபோடுகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த எளிமை. நியூரல் நெட்வொர்க் எதுவும் வேண்டாம், மிஷினின் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி-யிலேயே ஓட்டிவிடலாம்.

மார்ச் 26

எல்லையை எப்படி வைப்பது? சப்ளையர் தரும் எண்ணை வைக்காதீர்கள். டிரெஸ் போட்டதிலிருந்து டிரெஸ் போடாமல் தொடர்ந்து ஜாப் ஓட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் உச்ச பவரைக் குறியுங்கள், ஜாப்பில் எண் போடுங்கள். எல்லாவற்றையும் நைட்டலில் முக்குங்கள், முடிந்தால் பார்க்ஹவுசன் நாய்ஸும் (ஜாப்பை உடைக்காமல் காந்தத்தால் பர்னைக் கண்டுபிடிக்கும் சோதனை) எடுங்கள். முதல் கறுப்பு எங்கே தெரிகிறதோ அந்த ஜாப்பின் பவருக்குக் கீழே பாதுகாப்பு இடைவெளி விட்டு எல்லை. நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்ததை மூடிய பாட்டிலில் சேமிக்காதீர்கள், தேவைக்குக் கலந்து அன்றே அப்புறப்படுத்துங்கள்.

எல்லை நிரந்தரம் அல்ல. ஃபீடை ஏற்றினால் எல்லை மாறும், ஜாப் சுழற்சி வேகத்தை மாற்றினாலும் மாறும். ஆழம் கூடினால் ஒரு கன மில்லிமீட்டருக்குத் தாங்கும் ஜூல் குறையும், அதே ஃபீடில் ஜாப் வேகம் கூடினால் தாங்கும் அளவு ஏறும். பர்ன் வந்தால் ஜாப் ஆர்பிஎம்-ஐக் குறைக்கும் பழக்கம் நம் ஷாப்களில் இருக்கிறது. பெரும்பாலும் அது எதிர்ப்பக்கம் தள்ளும்.

மார்ச் 29

சென்டர்லெஸ் (சென்டரில் பிடிக்காமல், இரண்டு வீலுக்கு நடுவே பிளேடில் ஜாப்பை வைத்து) ஓட்டும் நண்பருக்கு. உங்கள் மிஷினில் ஏஇ சென்சாரை வொர்க் ரெஸ்ட் பிளேடில் மாட்டுங்கள், ஜாப் நேராக அதன்மேல்தான் உரசிக்கொண்டிருக்கிறது. ஆனால் த்ரூ ஃபீடில் ஒன்றன்பின் ஒன்றாக ஜாப் தொட்டுக்கொண்டே போவதால் தொடுதல் கணம் என்று ஒன்றே கிடையாது. அங்கே ஏஇ-யின் வேலை டிரெஸ்ஸிங்கும், பிளேடு தேய்வும்தான். மீதியைப் பவர் பார்த்துக்கொள்ளும். கிரைண்டிங் வீல் மோட்டாருக்கும் ரெகுலேட்டிங் வீல் மோட்டாருக்கும் தனித்தனி டிரான்ஸ்டூசர் போடுங்கள். ஜாப் சறுக்கிச் சுழலத் தொடங்கினால் ரெகுலேட்டிங் வீல் பக்கம்தான் முதலில் தெரியும்.